தீயில் போன துணிக்கடை... சிங்கப்பூரின் வணிக சதுக்கத்தில் மீண்டும் எழுந்த தமிழர்: யார் இந்த நாராயண பிள்ளை?

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரில் காமர்ஸ், எம்.பி.ஏ. படிக்கிற பிள்ளைகளுக்கு சிங்கப்பூர் என்றால் வங்கி வேலை. ஊருக்குள் காந்தி ரோடு பட்டுக்கடைகளுக்கு சிங்கப்பூர் என்றால் கல்யாண சீசனில் வந்து இறங்கும் வாடிக்கையாளர்கள். இன்னும் எத்தனையோ வீடுகளுக்கு அது மாசம் பிறந்தால் பணம் வரும் ஊர்.

வீட்டுக்கு வருவது மட்டுமில்லை. இந்தியாவுக்குள் வரும் வெளிநாட்டு நேரடி முதலீட்டில் 2018-19 முதல் தொடர்ந்து முதலிடத்தில் இருக்கும் நாடும் சிங்கப்பூர்தான். 2024-25 நிதியாண்டில் மட்டும் அங்கிருந்து வந்தது சுமார் 1,500 கோடி அமெரிக்க டாலர். இத்தனைக்கும் அந்தத் தீவின் மொத்தப் பரப்பு காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாதிகூட இல்லை.

இந்தக் குட்டித் தீவு எப்படி உலகப் பணம் வந்து தங்கிப் போகிற இடமாச்சு? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவர்கள் இரண்டு பேரைத்தான் சொல்வார்கள். 1819-ல் வந்து இறங்கிய ஆங்கிலேயர் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ், 1965-க்குப் பிறகு நாட்டைக் கட்டிய லீ குவான் யூ. ஆனால் ராஃபிள்ஸ் இரண்டாவது தடவை வந்த கப்பலிலேயே ஒரு தமிழரும் வந்தார். செங்கல் சுட்டார், துணி விற்றார், எல்லாவற்றையும் தீயில் இழந்தார், திரும்ப எழுந்தார். அவர் மறுபடி கடை போட்ட இடம்தான் இன்று வங்கிகளின் கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கும் ராஃபிள்ஸ் பிளேஸ்.

அவர் பெயர் நாராயண பிள்ளை.

பினாங்கு டூ சிங்கப்பூர்

பினாங்கு தீவு 1786 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. நாகப்பட்டினம், நாகூர், கடலூர் பக்கத்திலிருந்து கப்பலேறிய தமிழர்கள் அங்கே ஏற்கெனவே வியாபாரிகளாக, கூலிகளாக, குமாஸ்தாக்களாக இருந்தார்கள். நாராயண பிள்ளை அங்கே அரசாங்க வேலையில் இருந்தவர். அதே பினாங்கில் சில ஆண்டுகள் உத்தியோகம் பார்த்தவர் ராஃபிள்ஸ். இருவருக்கும் அறிமுகம் உண்டு.

1819 பிப்ரவரி 6-ம் தேதி, ஜொகூர் சுல்தான் ஹுசைன் ஷா, தெமெங்கோங் அப்துல் ரஹ்மான் ஆகியோருடன் ஒப்பந்தம் போட்டு, சிங்கப்பூரில் கம்பெனியின் கிடங்கு அமைக்க ராஃபிள்ஸ் அனுமதி வாங்கினார். அப்போது அங்கே இருந்த மக்கள் சுமார் 1,000 பேர். சதுப்பு நிலம், காடு, ஆற்று முகத்துவாரத்தில் மலாய் மக்களின் குடிசைகள். அவ்வளவுதான் ஊர்.

மே மாதம் 'இந்தியானா' என்ற கப்பலில் ராஃபிள்ஸ் மறுபடி வந்தபோது, கூடவே நாராயண பிள்ளையும் வந்தார். கையில் இருந்த அரசாங்க வேலையை விட்டுவிட்டு, ஒழுங்கான தெருகூட இல்லாத ஒரு தீவுக்கு. இன்று ஒருவர் நிலையான வேலையை விட்டுவிட்டு இன்னும் திறக்காத கம்பெனியில் சேரப் போகிறேன் என்றால் வீட்டில் என்ன சொல்வார்கள்? அதுமாதிரி ஒரு முடிவு.

அவரை அங்கே இழுத்தது என்ன?

வரி இல்லாத துறைமுகம் என்றால் என்ன?

ராஃபிள்ஸ் போட்ட ஒரே பெரிய விதி இதுதான்: எந்த நாட்டுக் கப்பலும் வரலாம், எந்தச் சரக்கும் இறக்கலாம், ஏற்றலாம், சுங்க வரி கிடையாது.

கேட்க சாதாரணமாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் அந்தக் கடலில் அது பெரிய சமாச்சாரம். பக்கத்தில் ஜாவாவை வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரியும் கட்டுப்பாடும் போட்டு வியாபாரிகளைத் திணறடித்துக்கொண்டிருந்தார்கள். சீனாவுக்கும் இந்தியாவுக்கும் நடுவே மலாக்கா நீரிணை வழியாகப் போகும் கப்பல்கள், வரி பிடுங்காத ஒரு துறை கிடைத்ததும் இந்தப் பக்கம் திரும்பின. வடகிழக்குப் பருவக்காற்றில் சீன ஜங்க் கப்பல்கள் வரும். காற்று மாறும் காலத்தில் சுலவேசி பக்கத்திலிருந்து புகிஸ் மாலுமிகளின் பாய்மரங்கள் வரும். ஒருவர் கொண்டுவந்த சரக்கை இன்னொருவர் வாங்கிப்போவார். சிங்கப்பூரில் விளைந்தது கொஞ்சம்தான். அங்கே நடந்தது கைமாற்று.

ஐந்தே வருஷத்தில், 1824-ல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கில் 10,683 பேர் இருந்தார்கள். அதில் இந்தியர்கள் 756 பேர்.

வரியே இல்லையென்றால் அரசாங்கம் எப்படி நடந்தது என்று கேட்கிறீர்களா? அதற்குப் பதில் அவ்வளவு அழகில்லை. அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றை விற்கவும் நடத்தவும் குத்தகைக்கு விட்டார்கள். 1820-லேயே அன்றைய ரெசிடென்ட் வில்லியம் ஃபார்குவார் இதைத் தொடங்கிவிட்டார். வியாபாரிக்குத் தள்ளுபடி செய்த வரியை, உடல்வலி மறக்க அபின் பிடித்த கூலியாட்கள் கட்டினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். சிங்கப்பூரின் வெற்றிக் கதையைச் சொல்லும்போது இந்தப் பக்கத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

செங்கல்லில் தொடங்கிய வியாபாரம்

வந்த புதிதில் நாராயண பிள்ளைக்குக் கிடைத்தது கம்பெனிக் கருவூலத்தில் வேலை. அது நீடிக்கவில்லை. ஆனால் மனுஷன் திரும்பிப் போகவில்லை. சுற்றிப் பார்த்தார். தினமும் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள், தங்க வீடில்லை. சரக்கு வந்து இறங்குகிறது, வைக்கக் கிடங்கில்லை. எல்லாருக்கும் கட்டடம் வேண்டும், கட்டத்தான் ஆளும் இல்லை, கல்லும் இல்லை.

தஞ்சோங் பகாரில் ஒரு செங்கல் சூளை போட்டார். பினாங்கில் இருந்த தன் ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினார்: கொத்தனார் வேண்டும், தச்சர் வேண்டும், துணி வியாபாரிகளும் வரலாம். அவர்கள் வந்தார்கள். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்ததாரர் என்று இவரைச் சொல்வது இதனால்தான்.

கவனித்தால், இவர் செய்ததுதான் இன்றுவரை நம் ஊர் ஆட்கள் வெளிநாட்டில் செய்வது. முதலில் ஒருத்தர் போவார். நிலைமை சரியாக இருந்தால் ஊருக்குத் தகவல் வரும். அப்புறம் மச்சான், சித்தப்பா மகன், தெருக்காரர் என்று வரிசையாகப் போவார்கள்.

அடுத்து துணி

சூளையில் வந்த காசை வைத்து நாராயண பிள்ளை இறங்கியது பருத்தித் துணி வியாபாரத்தில். இன்றும் அதே பெயரில் இருக்கும் கிராஸ் ஸ்ட்ரீட்டில் கடை போட்டார். அந்தச் சின்ன ஊரில் பேர் சொல்லும் பெரிய துணிக்கடையாக அது வளர்ந்தது.

துணியை ஏன் பிடித்தார் என்பதைக் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து பல நூற்றாண்டுகளாகக் கிழக்கே போன முக்கியமான சரக்கே துணிதான். கைத்தறியில் நெய்து, சாயம் ஏற்றி, நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை போன்ற துறைகளிலிருந்து போகும். மலாய்த் தீவுகளில் மிளகு, கிராம்பு வாங்க வெள்ளிக்காசு மட்டும் போதாது, துணியும் கேட்பார்கள். அந்தக் கடலில் நல்ல துணி பாதி காசு மாதிரி.

ஆனால் நாராயண பிள்ளை காலத்தில் அந்தச் சந்தை மாறத் தொடங்கியிருந்தது. இங்கிலாந்தின் மில் துணி மலிவாக வந்து இறங்கியது. இந்தியத் தறியில் நெய்த துணி மெல்ல மெல்லப் பின்னுக்குப் போனது. சிங்கப்பூரில் கிடங்கு வைத்திருந்த ஆங்கிலேய வணிகர்கள் தங்கள் சரக்கைக் கடனுக்குக் கொடுப்பார்கள். எடுத்தவர் விற்றுவிட்டுச் சொன்ன கெடுவுக்குள் பணம் கட்டணும். புது ஊரில் வியாபாரம் ஓடியது கையில் இருந்த வெள்ளிக்காசால் என்பதைவிட இந்தக் கடனால்தான்.

நாராயண பிள்ளையும் அப்படித்தான் சரக்கு எடுத்திருந்தார்.

1822: ஒரே தீ, எல்லாம் போச்சு

அந்த வருஷம் கடை தீப்பிடித்தது. மரமும் ஓலையுமாக இருந்த ஊரில், உள்ளே முழுக்கப் பருத்தித் துணி. மிஞ்சியது சாம்பலும் கடனும்.

காஞ்சிபுரத்தில் தறி வைத்திருக்கும் எந்த வீட்டுக்கும் இந்த நிலைமை புரியும். பட்டும் சரிகையும் முதலாளியோ சங்கமோ கொடுத்தது. தறியில் இருக்கும் பாவுக்கு ஏதாவது ஆனால் நெய்தவருக்குக் கூலி போவது மட்டுமில்லை, அடுத்தவர் பொருளுக்கும் பதில் சொல்லியாகணும். நாராயண பிள்ளை நின்றது அந்த இடத்தில்தான், இன்னும் பெரிய அளவில். எரிந்த துணியில் பெரும்பகுதிக்கு அவர் இன்னும் பணம் கட்டியிருக்கவில்லை.

இன்னொரு விஷயத்தையும் நினைவில் வையுங்கள். அப்போது சிங்கப்பூரில் முறையான நீதிமன்றம் கிடையாது. ஆங்கிலச் சட்டத்தை அங்கே கொண்டுவந்த அரச சாசனம் வந்தது 1826 நவம்பரில்தான். 1822-ல் ஒரு வியாபாரி திவாலானால் என்ன முறை, கடன் கொடுத்தவருக்கு எவ்வளவு, வாங்கியவருக்கு எவ்வளவு அவகாசம் என்று கேட்டுத் தீர்த்துக்கொள்ள ஒழுங்கான வழி இல்லை. ஆள் எப்படி, வாக்கு எப்படி என்பதுதான் எல்லாம். இரவோடு இரவாகப் படகேறிப் போக நினைப்பவருக்கு ஆற்றங்கரை பக்கத்திலேயே இருந்தது.

நாராயண பிள்ளை ஓடவில்லை. கடன் கொடுத்தவர்களிடம் பேசினார். அந்த வருஷம் அக்டோபரில் ராஃபிள்ஸ் மூன்றாவது முறையாக, கடைசி முறையாக, சிங்கப்பூர் வந்தார். அவரிடம் போய்த் தன் நிலைமையைச் சொன்னார். ராஃபிள்ஸ் அவருக்குக் கடை கட்ட நிலம் கொடுத்தார். அந்த நிலம் இருந்த இடத்தின் பெயர் கமர்ஷியல் ஸ்கொயர்.

பழக்கத்தால் கிடைத்த உதவிதானே என்று கேட்கலாம். ஆமாம், பழக்கமும் இருந்தது. ராஃபிள்ஸை நேரில் பார்த்துப் பேச முடியாத எத்தனையோ பேர் அதே காலத்தில் நொடிந்து போயிருப்பார்கள். ஆனால் நிலம் மட்டும் கடனை அடைக்காது. கடன் கொடுத்தவர்கள் நம்பிப் பொறுத்துக்கொள்ள வேண்டும், மறுபடி சரக்கு கிடைக்க வேண்டும். அவர் அங்கே புதிதாகக் கிடங்கு கட்டி வியாபாரத்தைத் திரும்ப நிறுத்தினார்.

கமர்ஷியல் ஸ்கொயர்: குன்றை வெட்டி வந்த இடம்

இந்தச் சதுக்கம் உருவான கதையே சுவாரசியம். ஆற்றின் தென்கரை முழுக்கச் சதுப்பு. ராஃபிள்ஸ் 1822-ல் ஊரைத் திட்டமிட்டபோது, பக்கத்தில் இருந்த ஒரு குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டுபோய்ச் சதுப்பில் கொட்டச் சொன்னார். மண் நிரப்பிய இடம் இன்று சுற்றுலாப் பயணிகள் உட்கார்ந்து சாப்பிடும் போட் கீ. குன்று இருந்த இடம் மட்டமாகி கமர்ஷியல் ஸ்கொயர் ஆனது. 1858-ல் அதற்கு ராஃபிள்ஸ் பிளேஸ் என்று பெயர் மாற்றினார்கள்.

அதாவது தீ விபத்துக்குப் பிறகு நாராயண பிள்ளை போன இடம், அன்று புதிதாக வெட்டித் திருத்திக்கொண்டிருந்த வணிக வட்டாரம். அங்கேதான் ஐரோப்பிய வணிக நிறுவனங்களும் பின்னால் வங்கிகளும் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

அம்மனுக்கு ஒரு இடம்

கையில் கொஞ்சம் காசு நின்றதும் நாராயண பிள்ளை செய்ய நினைத்தது கோயில். இது வெறும் பக்தி சமாச்சாரம் இல்லை. வந்து இறங்கும் தமிழனுக்கு ஒரு முகவரி வேண்டும். எங்கே போய் நிற்பது, யாரைக் கேட்பது, முதல் சில நாள் எங்கே படுப்பது என்று தெரிய வேண்டும்.

இடம் கிடைப்பதுதான் பாடாகிவிட்டது. முதலில் தெலுக் ஆயர் தெருவில் ஒதுக்கினார்கள். அங்கே பூஜைக்கு நல்ல தண்ணீர் வசதி இல்லை. பிறகு ஃபார்குவார் இன்றைய ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய் பக்கத்தில் ஒரு இடம் கொடுத்தார். அதற்குள் புதிய நகரத் திட்டம் வந்து, அந்த இடமும் ஒத்துவரவில்லை. கடைசியில் 1823-ல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இடம் முடிவானது. 1827-ல் மரமும் ஓலையுமாக ஒரு கோயில் எழுந்தது. நாராயண பிள்ளை அங்கே சின்ன அம்மனை வைத்து வழிபாட்டைத் தொடங்கினார்.

அதுதான் இன்றைய ஸ்ரீ மாரியம்மன் கோயில், சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். பிறகு செங்கல் கட்டடமாகி, கோபுரம் வந்து, 1973-ல் தேசிய நினைவுச் சின்னம் ஆனது. வேலை கிடைக்கும்வரை புதிதாக வந்தவர்கள் தங்கும் இடமாக அது இருந்தது. ஒரு காலத்தில் இந்துக்களின் திருமணங்களைப் பதிவு செய்யும் இடமும் அதுதான்.

இந்தியச் சமூகத்தின் தலைவராக நாராயண பிள்ளை மதிக்கப்பட்டார். நீதிமன்றம் இல்லாத ஊரில் நம்மவர்களுக்குள் தகராறு வந்தால் இவரைப் போன்றவர்கள்தான் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது.

எல்லோரும் பிள்ளை மாதிரி வரவில்லை

1819-ல் ராஃபிள்ஸுடன் முதலில் இறங்கியவர்களில் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. 1825 ஏப்ரலில் வேறொரு கூட்டம் வந்தது. சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டு பென்கூலனில் இருந்த 80 கைதிகள். அதன்பிறகு பல ஆண்டுகளுக்கு இந்தியக் கைதிகள் வந்துகொண்டே இருந்தார்கள். சாலை போட்டது, காடு வெட்டியது, பின்னால் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியது இவர்கள். சர்வதேச வணிக நகரத்தின் அஸ்திவாரத்தில் சம்பளமில்லாத உழைப்பும் இருக்கிறது.

இன்னொரு பக்கம் செட்டியார்கள். 1820-களிலிருந்தே நாட்டுக்கோட்டை நகரத்தார் சிங்கப்பூருக்கு வரத் தொடங்கினார்கள். ராஃபிள்ஸ் பிளேஸுக்குப் பக்கத்திலேயே மார்க்கெட் ஸ்ட்ரீட். தமிழர்கள் அதைச் செட்டித் தெரு என்றே சொன்னார்கள். அங்கே கிட்டங்கிகளில் ஆளுக்கொரு பெட்டியும் சாய்வு மேசையுமாகத் தரையில் உட்கார்ந்து கடன் கொடுத்தார்கள். ஐரோப்பிய வங்கி வாசலில்கூட நிற்க முடியாத சின்ன வியாபாரிக்கு வங்கியாக இருந்தது அந்த மேசைதான். 1859-ல் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலை எழுப்பியவர்களும் இவர்களே.

சரக்கு போய், பணம் வந்தது

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் கப்பல் போக்குவரத்து பல மடங்கானது. ரப்பர், தகரம் என்று சரக்கு மாறினாலும் சூத்திரம் அதேதான்: இறக்கு, ஏற்று, இடையில் தரகு.

1965 ஆகஸ்ட் 9-ல் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது அந்தச் சூத்திரம் மட்டும் போதாது என்றாகிவிட்டது. அப்போது வந்த ஒரு யோசனை நாராயண பிள்ளைக்குப் புரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். சான் பிரான்சிஸ்கோவில் வங்கிகள் மூடிய பிறகு, மறுநாள் காலை சூரிச்சில் திறக்கும்வரை உலகப் பணச் சந்தையில் ஓர் இடைவெளி இருந்தது. அந்த நேரத்தில் விழித்திருக்கும் தீவாக நாம் இருந்தால் என்ன? 1968-ல் வெளிநாட்டவர் போடும் டாலர் டெபாசிட்டின் வட்டிக்கு வரி இல்லை என்று அறிவித்தார்கள். பேங்க் ஆஃப் அமெரிக்கா முதலில் வந்தது. ஆசிய டாலர் சந்தை பிறந்தது. 1971-ல் நிதித்துறையைக் கண்காணிக்க சிங்கப்பூர் நாணய ஆணையம் வந்தது.

1819-ல் சரக்குக்கு வரி இல்லை. 1968-ல் டெபாசிட் வட்டிக்கு வரி இல்லை. ஆனால் இடையில் முக்கியமான ஒன்று மாறியிருந்தது. ஆளைத் தெரிந்தால்தான் நிலம், ஆளைத் தெரிந்தால்தான் அவகாசம் என்ற நிலைமை போய், நீதிமன்றமும் எழுதிவைத்த சட்டமும் வந்திருந்தன. வரியைக் குறைக்க எந்தத் தீவாலும் முடியும். கடன் கொடுத்தவர் நிம்மதியாகத் தூங்குகிற தீவாக இருப்பதுதான் கஷ்டம்.

இந்தியாவுடன் 2005-ல் விரிவான பொருளாதார ஒப்பந்தம் வந்தது. 2023 பிப்ரவரியில் நம் யு.பி.ஐ.யும் அவர்களுடைய பேநவ்-வும் இணைந்தன. அங்கே வேலை பார்ப்பவர் போன் நம்பரை வைத்தே இங்கே வீட்டுக்குப் பணம் போடலாம். பணம் அனுப்புகிறவர்கள் ஒன்றை மட்டும் பாருங்கள்: உங்கள் வங்கியும் ஆப்பும் அந்தச் சேவையில் சேர்ந்திருக்கிறதா, ஒரு நாளைக்கு எவ்வளவு வரம்பு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆற்றங்கரையில் ஒரு சிலை

நீண்ட காலம் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் மட்டும் தனியாகக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். 2019-ல், அவர் வந்து இறங்கி 200 ஆண்டுகள் ஆனபோது, பக்கத்தில் நான்கு பேருக்குச் சிலை வைத்தார்கள். பழைய சிங்கப்பூரை நிறுவியதாகச் சொல்லப்படும் இளவரசர் சங் நீல உத்தமன், சீன வணிகர் டான் டோக் செங், எழுத்தர் முன்ஷி அப்துல்லா, கூடவே நாராயண பிள்ளை. அந்த நால்வரும் அங்கே இருந்தது கொஞ்ச நாள்தான்.

நிரந்தரமாக இருப்பது கோயில். ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் கால் மணி நேரத்துக்குள் சவுத் பிரிட்ஜ் ரோடு வந்துவிடும். வழியில் கிராஸ் ஸ்ட்ரீட்டையும் பார்த்துவிடலாம். தீபாவளிக்கு முன்னால் போகிறவர்கள் தேதியை விசாரித்துக்கொண்டு போங்கள். செராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் இருந்து பக்தர்கள் ஊர்வலமாக நடந்து வந்து, மாரியம்மன் கோயிலில் தீ மிதிப்பார்கள்.